நான் போடாத சாம்பல் கோட்டு

அன்றைக்கு அந்த ஹாலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. நீ இருந்தாய். உன் பெண்டாட்டி ரேவதி இருந்தாள். என் பேத்தி நிலா பாதி என் மடியிலும் பாதி நாற்காலியிலுமாக உட்கார்ந்திருந்தாள். உன் கேமராமேன் பிரவீன், காதில் கடுக்கன் போட்ட பிள்ளை, பின்னால் சுவரில் சாய்ந்து நின்றான். ஷூ கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் தைத்த ஜமீலா வந்திருந்தாள். அந்தக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருந்த காதர் பாய், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்திருந்தார். கடைசியாக குளோரி. கம்பெனியில் எனக்குப் பக்கத்து மெஷின் அவளுடையது, ஹாலிலும் எனக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை இருட்டாக்கி, நீ எடுத்த படத்தை எங்களுக்குப் போட்டுக் காட்டினாய்.

படம் முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அம்மா நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று நீ நினைத்துக்கொண்டு, சாப்பிடாமல்கூட மெட்ராசுக்கு வண்டி ஏறிவிட்டாய். நான் நெகிழவில்லை, எனக்கு வயிறு எரிந்தது. போனில் சொல்லலாம் என்றால், "அம்மா, நான் சொல்றத கேளும்மா" என்று நீ ஆரம்பிப்பாய். அதற்கப்புறம் கேட்டுக்கொண்டிருப்பது நான் ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள், எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், ரேவதியை விட்டுப் படிக்கச் சொல். கலர் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, அடுத்த வாரம் முடித்து அனுப்பிவிட்டால் பிறகு யாராலும் தொட முடியாது என்று அவள்தான் சொன்னாள். அதற்குள் இது உன் கைக்கு வந்தாக வேண்டும்.

நீ படத்தில் வருகிற பொம்பளைக்குக் கஸ்தூரி என்று பேர் வைத்தாலும் அது நான்தான் என்று ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கும் தெரியட்டும் என்று தொடக்கத்திலேயே 'என் அம்மாவுக்கு' என்று போட்டு, முடிவில் என் போட்டோவையும் காட்டுகிறாய். நடுவில் இருக்கிறதே, அந்தக் கேட்டு சீன், அதுதான் என் பிரச்சினை. பொழுது சாய்ந்த நேரம். எல்லாம் நீலம். கஸ்தூரி சாம்பல் கலர் கோட்டில், சாம்பல் சுவரை ஒட்டி, இருக்கிற இடமே தெரியாமல் நிற்கிறாள். ஒரு தடவை அவள் முகத்துக்கு முன்னால் கேட்டுக் கம்பி. இன்னொரு தடவை எங்கேயோ உயரத்திலிருந்து காட்டுகிறாய், கொட்டிப்போன குப்பை மாதிரி இவ்வளவுண்டாய்த் தெரிகிறாள். அந்த நேரத்தில் நிலா என் காதுக்குள் கேட்டாள்: "ஆயா, அவங்க உன்ன அடிச்சாங்களா?" நான் "இல்லடி" என்றேன். "அப்போ ஏன் நீ பயந்துகினு நிக்கிற?" என்றாள். அந்தக் குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நீ சொல். உன் படம் சொன்னதைத்தான் அவள் புரிந்துகொண்டாள். நீ சரியாகச் சொல்லியிருக்கிறாய், ஆனால் தப்பானதைச் சொல்லியிருக்கிறாய்.

விளக்கு போட்டதும் காதர் பாய் என்னிடம் வந்தார். "இன்னாம்மா, கோட்ட மாத்திட்டாங்க? அன்னிக்கு மஞ்சள்ல தானே நின்ன" என்றார். அவருக்குக் கண்ணில் புரை, அவருக்கே தெரிந்திருக்கிறது. ஜமீலா அதற்கு மேலே போனாள். "எக்கா, நம்ம கம்பெனிக்காரி யாரு இத பாத்தாலும் நீ கோட்ட வாங்கி போட்டுகினன்னு தான் நெனப்பா. வெளியூர் ஜனத்துக்கு வேணா அழுகை வரும்" என்றாள். குளோரி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

நடந்தது என்ன என்று மறுபடியும் சொல்கிறேன், இந்தத் தடவை வெளிச்சத்தில் கேள். நீ அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் ஒரு கலர் கோட்டு. தைக்கிறவர்களுக்கு மஞ்சள், தோலை வெட்டுகிறவர்களுக்குப் பச்சை, செக்கிங்குக்கு வெள்ளை. கழிவுத் தோல் கொட்டுகிற குடோனுக்குத்தான் சாம்பல். அந்தக் குடோனில் வேலை செய்வதற்கென்று யாரையும் எடுப்பதில்லை. எவள்மேல் புகார் வருகிறதோ அவளை அங்கே அனுப்புவான் சூப்பர்வைசர் தேவராசு. ஆகவே சாம்பல் கோட்டு போட்டவள் என்றால் கை சுத்தமில்லாதவள் என்று அர்த்தம். இது நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டியதில்லை, ஆனால் டவுன்பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவனுக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு ஷூவுக்கு மேல்பாகம் தைத்து வைத்த கட்டு ஒன்று காணவில்லை. கடைசியாக அது இருந்தது என்னுடைய மேஜைக்கும் குளோரியின் மேஜைக்கும் நடுவில். தேவராசு இரண்டு சாம்பல் கோட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டான். "கெடைக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் குடோனுக்குப் போங்க" என்றான்.

குளோரி கோட்டை எடுத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "போடாதடி. போட்டா ஒத்துக்கின மாதிரி ஆய்டும்" என்றேன். "எங்க வீட்டுக்காரரு படுத்த படுக்கையா கீறாரு. இன்னிக்கி வெளிய போனா நாளைக்கி யாரு உள்ள விடுவான்?" என்று சொல்லிக் கையை உதறிவிட்டுப் போட்டுக்கொண்டாள். நான் எனக்கு வந்த கோட்டை அப்படியே விட்டுவிட்டு, போட்டிருந்த மஞ்சள் கோட்டோடு படியிறங்கி, கேட்டைத் தாண்டி வெளியே வந்து, ரோட்டுப் பக்கம் நடுவாக நின்றுகொண்டேன். உச்சி வெயில். என் நிழல் என் காலடியிலேயே கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. தேவராசு கழுத்தைத் திருக வேண்டும் போல இருந்தது. ஜமீலா உள்ளேயிருந்து ஜன்னல் கம்பி வழியாக, "எக்கா, அப்டியே நில்லு, கல்யாணப் பொண்ணு மாதிரி கீற" என்று கத்தினாள். லைனில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபத்திலும் சிரிப்பு வரும், உனக்கு அது தெரிந்திருக்க வேண்டும், நீ என் வயிற்றில் பிறந்தவன்.

அன்றைக்கு ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிற நாள். கார் எந்த நேரமும் வரலாம். சுவரும் சாம்பல், ரோடும் சாம்பல், நடுவில் நான் மட்டும் மஞ்சள். வாணியம்பாடி பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் தலையை நீட்டிப் பார்த்தார்கள். எதிர்ச் சாரியில் டீக்கடைக்காரர்கள் பெஞ்சை எடுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மாடி ஜன்னலில் மேனேஜருக்குப் பேஜாராகிவிட்டது. ஆள் விட்டுத் தேடச் சொன்னார். காணாமல் போன கட்டு லோடு வண்டியில் வேறு மாலோடு ஏறிக் கிடந்தது. காதர் பாய்தான் வந்து, "வாம்மா உள்ள, கெடைச்சிட்ச்சி" என்றார். அந்த மஞ்சள்தான் என்னைக் காப்பாற்றியது. சாம்பலில் நின்றிருந்தால் என்னை ஒரு ஈ காக்கைகூடப் பார்த்திருக்காது. நீ அந்தக் கலரையே எடுத்துவிட்டு, பிறகு இவள் எப்படி ஜெயித்தாள் என்று காட்டுகிறாய். எப்படி ஜெயித்தாளாம்? பாவப்பட்டு விட்டுவிட்டார்கள் என்றுதான் தெரிகிறது.

இதை எல்லாம் பிரவீனிடம் ஹாலிலேயே கேட்டேன். நல்ல பிள்ளை, உட்கார்ந்து விளக்கினான். "மஞ்சள் போட்டா கண்ணு அத சந்தோஷமா எடுத்துக்கும்மா. அவங்க மனசு உள்ள உடையுது, அதுக்குத்தான் நீலம். தனியா இருக்காங்கன்னு தெரியணும், அதுக்குத்தான் மேல இருந்து ஷாட்டு" என்றான். உடைந்தது என்று அவனுக்கு யார் சொன்னது? நான் கேட்டேன். அவன் உன்னைப் பார்த்தான். நீ போனைப் பார்த்தாய். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. நீ காட்டச் சொன்னதைக் காட்டியிருக்கிறான். ஆனால் மேலேயிருந்து என்று சொன்னானே, அது என் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. அன்றைக்கு மேலேயிருந்து என்னைப் பார்த்தவர் மேனேஜர் ஒருத்தர்தான். நீ ஏனடா போய் மேனேஜர் ஜன்னலில் நின்றாய்? என் பிள்ளை ரோட்டில், என் பக்கத்தில், என் உயரத்துக்கு நின்று பார்த்திருக்க வேண்டாமா? தேவராசுவை மட்டும் தரையில் கேமரா வைத்துப் பனைமரம் மாதிரி காட்டுகிறாய். அவன் குட்டையன். எங்களைத் திட்டுவதற்கே ஸ்டூல் மேல் ஏறுவான். ஸ்டூலைக் காட்டியிருந்தால் ஜனம் சிரித்திருக்கும், அவன் யார் என்றும் தெரிந்திருக்கும்.

உனக்கு வேலை தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரியாதவன் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வராது. உன் அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து வந்து கை கழுவுகிற இடம் ஒன்று வைத்திருக்கிறாய். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம், ஒரு பக்கெட், இரண்டு கை, அவ்வளவுதான், முகமே இல்லை. சாயம் ஏறிய நகத்தை அவர் தேய்த்துக்கொண்டே இருக்கிறார், தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்கிறது. பெண் பார்க்கப் போன வீட்டில் கையை மடிக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன் அவர். அந்த வீடு எங்கள் வீடு. உனக்கு நான் அதைச் சொன்னதே இல்லை. ஆனால் அந்த இரண்டு கையைப் பார்த்ததும் அவர் வெட்கம் முழுக்க எனக்குத் தெரிந்தது. முகத்தைக் காட்டாமலே ஒரு மனுஷன் மனசைக் காட்ட உனக்குத் தெரிகிறது. அப்படிப்பட்டவன் உன் அம்மா கோபத்தை மட்டும் எப்படித் துக்கமாகப் பார்த்தாய்?

நிறைய யோசித்தேன். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இந்தக் கதையை நான் உனக்குச் சொன்னதெல்லாம் கரண்ட் போன நேரத்தில். அப்போது தினமும் போகும். புத்தகத்தை மூடிவிட்டு நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டு கதை சொல்லும்மா" என்பாய். ஒரு மெழுகுவத்தி, அதற்கு அந்தப் பக்கம் என் முகம், சுவரில் என் நிழல். கதை உச்சி வெயிலில் நடந்தது, உன் காதில் விழுந்தது இருட்டில். நீ அந்த இருட்டையும் சேர்த்துக் கதை என்று எடுத்துக்கொண்டுவிட்டாய். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? மின்சார ஆபீசைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் கோட்டுக்கு அந்தச் சமாதானம் ஒட்டவில்லை. மஞ்சள் கோட்டு என்று நான் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் செவ்வாய்க்கிழமை உனக்குப் போன் செய்து, அந்தக் கோட்டு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்றால், படத்தில் அந்தப் பெண் கோட்டுப் பைக்குள் கையை விடுகிற இடத்தில் உன் கேமரா ரொம்பக் கிட்டத்தில் போகிறது. திரை முழுக்க அந்தப் பை. சாம்பல் துணியில் மஞ்சள் நூல் ஓடியிருக்கிறது, மூலையில் இரட்டைத் தையல். அது என் தையல். ஹாலிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டேன். நீ போனில் சாதாரணமாகச் சொன்னாய்: "குளோரி பெரிம்மா தாம்மா குடுத்தாங்க. அன்னிக்கி நீ போட்டு நின்ன கோட்டு, நீ தூக்கிப் போட்டத எடுத்து வெச்சிருந்தேன்னு சொன்னாங்க. மஞ்சள்னு நீ சும்மா பெருமைக்கு சொல்வியாம்." எவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது குளோரியுடைய கோட்டு. கட்டு கிடைத்த பிறகும் தேவராசு அவளை லைனுக்கு விடவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டவள் ஒத்துக்கொண்டவள்தானே என்றான். அவள் வேலையை விடுகிறவரைக்கும் அந்தக் குடோனில்தான் கிடந்தாள். அப்போதும் நாங்கள் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். அவள் பக்கத்தில் உட்கார மற்றவர்கள் கூச்சப்பட்டபோது நான் உட்கார்ந்தேன். ஒரு நாள் அவள் கோட்டுப் பை கிழிந்துபோக, என் மெஷினில் ஓடிக்கொண்டிருந்த மஞ்சள் நூலிலேயே தைத்துக் கொடுத்தேன். அந்தத் தையல்தான் உன் திரையில் அவ்வளவு பெரிசாய் நின்றது.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "வாடி" என்றாள், ஒன்றும் நடக்காத மாதிரி.

"ஏன்டி என் புள்ளைகிட்ட பொய் சொன்ன?"

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு நாளு நீயும் போட்டு பாக்கட்டுமேன்னு தான்" என்றாள்.

"நான் உன்ன போடச் சொன்னேனா? போடாதன்னு தானே கையப் புடிச்சேன்."

"புடிச்ச. இல்லன்னு சொல்லல. அப்புறம் மேனேஜரு கூப்ட்டாரு, நீ ராணி மாதிரி உள்ள வந்த. குடோன் வழியா தானே போன? என்னையும் கூட்டிகினு போனியா?"

"உனக்காக கேட்டேன்டி. அவளே போட்டுக்கிட்டாளேன்னு சொல்லிட்டாரு."

"எத்தினி வாட்டி கேட்ட?"

"ஒரு வாட்டி கேட்டேன்."

"ஒரு வாட்டி" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, காம்பைக் கிள்ளி முறத்தில் போட்டாள். "உன் புள்ள நல்லா எடுத்துக்கிறான். நான் அப்டியே தான் நின்னேன், அந்த நீலத்துல. குடோன் ஜன்னல் கம்பிய புடிச்சிகினு. பொழுது போற நேரத்துக்கு அங்க அப்டி தான் இருக்கும். ஹால்ல நான் அழுதது உனக்காகன்னு நெனச்சியா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். காபி போடட்டுமா என்றும் கேட்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

வருகிற வழியெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒன்று சரி, அதை நான் மறைக்க மாட்டேன். உன் நீல வெளிச்சம் பொய் இல்லை. ஆளை மாற்றிப் போட்டுவிட்டாய், அதுதான் தப்பு. கம்பிக்குப் பின்னால் நின்றவள் அவள். சுவரோடு சுவராய்க் கரைந்துபோனவள் அவள். மேலேயிருந்து பார்த்தால் இவ்வளவுண்டாய்த் தெரிந்திருப்பாள், அப்படியும் யாரும் பார்க்கவில்லை. பிரவீன் சொன்ன உடைகிற மனசு அவளுடையது. நீ எங்கள் இரண்டு பேரையும் ஒரே பொம்பளையாக்கி, என் ஜெயிப்பை அவளுக்குக் கொடுத்து, அவள் கோட்டை எனக்குக் கொடுத்துவிட்டாய். இரண்டு பேருக்குமே அது சொந்தமில்லை.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. கேட்டு சீனைத் திரும்ப எடு. உச்சி வெயிலில் எடு. அந்தப் பெண்ணுக்கு மஞ்சள் கோட்டு போடு, அது கண்ணைக் குத்தட்டும். கம்பிக்கு வெளியே நிற்க வை, நடுவாக, கேமரா அவள் உயரத்துக்கு இருக்கட்டும். சிரிக்கச் சொல். பார்க்கிறவர்கள் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அவள் தாடையைப் பார்த்தால் தெரிந்துவிடும். நீ எடுத்து வைத்திருக்கிற நீலத்தை வீணாக்காதே. குளோரிக்கு ஒரு பேர் வைத்து, ஒரு ஆளைப் போட்டு, அந்த வெளிச்சத்தை அவளுக்குக் கொடு, அந்தப் பையை மட்டும் மறுபடியும் கிட்டத்தில் காட்டு, மஞ்சள் நூல் நன்றாகத் தெரிகிற மாதிரி. முடியாது, நேரமில்லை என்றால் படம் உன்னுடையது, அனுப்பிக்கொள். ஆனால் 'என் அம்மாவுக்கு' என்பதை எடுத்துவிடு, கடைசியில் இருக்கிற என் போட்டோவையும் எடுத்துவிடு. நம்ம ஆம்பூரில் படத்தைப் போடாதே. நிலாவிடம் அது வேறு யாரோ ஒரு பொம்பளை என்று நீயே சொல்லிவிடு, நான் சொல்ல மாட்டேன்.

நிலாவுக்கு லீவு விட்டதும் அனுப்பிவை. மத்தியானத்தில் அந்தக் கேட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் நான் நின்ற இடத்தில் நிற்க வைக்கிறேன், வெயில் எங்கே அடித்தது என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும். பிரவீனை மன்னித்துவிட்டேன், அவனை ஒரு நாள் சாப்பிட வரச் சொல். உன்னையும் நீ மாற்றி எடுத்தால் மன்னிப்பேன், எடுக்காவிட்டாலும் கொஞ்ச நாளில் மன்னித்துத் தொலைப்பேன், பெற்றவளுக்கு வேறு வழி என்ன? தேவராசு செத்தபோதே மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தேன், அவன் கணக்கு தீர்ந்தது. சாம்பலில் என்னை நிற்க வைத்துவிட்டுக் கீரை உருவிக்கொண்டிருக்கிறாளே, அவளுக்கு அந்த வெளிச்சத்தைக் கொடு என்று சொன்னதால் நான் மனசு மாறிவிட்டேன் என்று நினைக்காதே. அது அவளுடையது, அதனால் கொடுக்கச் சொன்னேன். மன்னிக்கச் சொல்லி மட்டும் யாரும் என்னிடம் வராதீர்கள். குளோரியை நான் மன்னிக்க மாட்டேன்.